செம்பியன் தேடிய ரெக்கார்டு

செம்பியன் யாரையும் சட்டென்று நம்ப மாட்டான். பால் பாக்கெட்டைத் தன் கண்முன்னால் பிரித்து ஊற்றினால்தான் டீ குடிப்பான். கடலூர் பஸ்ஸில் ஏறினால், போர்டைப் பார்த்த பிறகும் டிரைவரிடம் ஒருமுறை, கண்டக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்வான். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் யாரையும் கேட்காமல் நம்பினான். அதில்தான் எல்லாம் கெட்டுப்போனது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

என் பேர் மங்கலம். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். 2004-ல் நான் கடை திறந்தபோது எதிரே இருந்தது கேசட் கடை. பிறகு அது சிடி கடையானது, அதற்கும் பிறகு செல்போன் கடை. முதலாளி பலகையைத்தான் மாற்றினார், ஆளை மாற்றவில்லை. மூன்றிலும் செம்பியன்தான் வேலை பார்த்தான். கடைசியில் அவன் வேலை, வருகிறவர்களின் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவது.

அதில் அவன் கெட்டிக்காரன். கிள்ளையிலிருந்து மீன் ஏற்றி வரும் டிரைவர் ஒருத்தர் பாட்டின் பேர் தெரியாமல் பாதி வரியை முனகினாலும் போதும். அது என்ன பாட்டு, எந்த வருஷம், எந்த வெளிநாட்டுப் பாட்டிலிருந்து எடுத்தது என்று மூன்றையும் சொல்வான். மூன்றாவதைச் சொல்லும்போதுதான் அவன் முகம் மலரும்.

பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தபோது ஒரு பை நிறைய சிடி கொண்டுவந்து, செல்லில் ஏற்றித் தரச் சொன்னார். எல்லாம் அமெரிக்கக் கறுப்பினத்தவர் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பாடிய பாட்டு. அந்த வகைக்கு சோல் என்று பேராம். செம்பியன் அதையெல்லாம் தன் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி போட்டுக்கொண்டான். அதிலிருந்து இரண்டு செகண்ட், மூன்று செகண்ட் வெட்டி எடுப்பான். வேகத்தைக் கூட்டுவான், குரலைக் குழந்தைக் குரலாக்குவான், அடியில் டிரம்ஸ் சத்தம் போட்டுத் திருப்பித் திருப்பி ஓடவிடுவான். அதன்மேல் காலேஜ் பையன்கள் ராப் பாடுவார்கள். அப்படி வெட்டி எடுக்கிற துண்டுக்கு சாம்பிள் என்று பேர் என எனக்கு அவன்தான் சொன்னான்.

"இது திருட்டு இல்லியாடா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"டைலரு துணிய வெட்டித்தானக்கா தைக்கிறான்? அவனப் போயி நீ ஏன் தறி போடலன்னு கேப்பீங்களா?"

"டைலரு துணிய வாங்குறான். நீ வாங்கினியா?"

அவன் அடுத்த துண்டை வெட்டப் போய்விட்டான். ஆனால் அவன் செய்தது கேட்க நன்றாக இருந்தது. அதையும் நான் சொல்லியாக வேண்டும்.

2010-ல் புதுச்சேரியில் தில்லைநாதன் என்பவர் ஒரு சின்ன ஆடியோ கம்பெனி நடத்திவந்தார். நம்ம பக்கத்துப் பேச்சிலேயே ஒரு ராப் ஆல்பம் போடப்போகிறேன், டியூன் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். செம்பியன் மூன்று டியூன் கொண்டுபோனான். அவர் கேட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். பிறகு ஒரு காகிதத்தை நீட்டினார். இதில் உள்ள இசை முழுக்க என்னுடையது, வேறு எந்த ரெக்கார்டிலிருந்தும் எடுக்கவில்லை என்று எழுதியிருந்தது.

"போன வருஷம் ஒரு கேஸ்ல மாட்டி ரொம்ப அலைஞ்சிட்டேன் தம்பி. கையெழுத்து போட்டாத்தான் எடுப்பேன்."

செம்பியன் போடவில்லை. பொய்க்குக் கையெழுத்து போடுகிறவன் இல்லை அவன். எழுந்து வரப்போனவனை அவர் உட்காரவைத்து, "இதக் கேளு. கடலூரு டீச்சரு, ரெபேக்கான்னு ஒருத்தவுங்க குடுத்தது. கையெழுத்தும் போட்டுட்டாங்க" என்று ஒரு டியூனைப் போட்டார்.

செம்பியன் மேஜைக்குக் கீழே செல்லை வைத்து அதைப் பதிவு செய்துகொண்டான். சிதம்பரம் வந்து இறங்கியதும் நேராக என் கடைக்குத்தான் வந்தான்.

"அக்கா, இதக் கேளுங்க."

கேட்டேன். கீழே கனமாக ஒரு கிடார் நடந்தது. மேலே ஒரு பெண் குரல். வார்த்தை கிடையாது, வெறும் ஓசை. வெயிலில் நின்று நின்று களைத்த குரல் மாதிரி இருந்தது. பின்னால் ஏதோ கரகரவென்று சத்தம்.

"இது கடலூருல பண்ணதாம்! நான் நம்பணும்! இந்த கரகரப்பு கேக்குதா? பழைய இசைத்தட்டு மேல தூசு. அந்த கிடாரு எழுவத்தி ரெண்டு, எழுவத்தி மூணுல அமெரிக்காவுல பண்ணது. எவளோ ஒரு நீக்ரோ பாட்டுக்காரி. இவுங்க சுட்டுட்டு கையெழுத்தும் போட்டுட்டாங்க. நான் உண்மையச் சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்."

"எந்த ரெக்கார்டுன்னு தெரியுமா?"

"கண்டுபிடிச்சிடுவேன். நம்ம ஊரு ஆளுங்களுக்கு இப்டி வாசிக்க வராதுக்கா. எனக்குத் தெரியாதா?"

அவன் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். ஐயா, தாங்கள் தேர்வு செய்துள்ள கடலூர் ரெபேக்காவின் இசை பழைய அமெரிக்க இசைத்தட்டிலிருந்து எடுக்கப்பட்டது, உரிய நேரத்தில் ஆதாரம் கிடைக்கும், இப்படிக்கு உண்மை விரும்பி. பேர் போடாத லெட்டரை நான் டைப் செய்வதில்லை. அன்றைக்குச் செய்தேன். அவன் அவ்வளவு உறுதியாகச் சொன்னான், எனக்கும் அது சரியென்றே பட்டது. கடலூரில் ஒரு டீச்சர் அப்படியொரு சத்தத்தை உண்டாக்கியிருப்பாள் என்று எனக்கும் தோன்றவில்லை.

லெட்டர் போனது. இரண்டு வாரத்தில் அந்த டியூனை எடுக்கவில்லை என்று செய்தி வந்தது. ஆல்பமும் வரவில்லை.

செம்பியன் அதோடு விட்டிருக்கலாம். அவனுக்கு ஆதாரம் வேண்டும். பரங்கிப்பேட்டைக்காரரின் சிடிகளை ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்தான். செல்லில் பிடித்த துண்டை மெதுவாக ஓட்டினான், வேகமாக ஓட்டினான், பின்னாலிருந்து முன்னால் ஓட்டினான். இன்டர்நெட்டில் பழைய ரெக்கார்டு சேகரிக்கிறவர்களின் குழு ஒன்றில் பத்து செகண்ட் போட்டு, இது என்ன பாட்டு என்று கேட்டான். அமெரிக்காக்காரர் ஒருவர் மெம்ஃபிஸ் என்றார். இன்னொருவர் டெட்ராய்ட், தன்னிடமே அந்தத் தட்டு இருந்தது, வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றார். லண்டன்காரர் ஒருவர், கிடைத்தால் எனக்கும் ஒரு காப்பி அனுப்பு என்று எழுதியிருந்தார். சொன்ன பேரையெல்லாம் ஒரு நோட்டில் எழுதித் தேடிக் கேட்டு, இல்லை என்று அடித்துவைத்தான். ஒரு வருஷத்தில் நோட்டு தீர்ந்துபோனது.

"ஒருவேள அவுங்களே பண்ணியிருந்தா?" என்று கேட்டுப்பார்த்தேன்.

"ஒளிச்சி வெச்சிருக்காங்கக்கா. யாருக்கும் தெரியாத ரெக்கார்டாப் பாத்து எடுத்திருக்காங்க. வெவரமான பொம்பள."

கிடைக்காததே அவனுக்கு ஆதாரமாகிவிட்டது.

2011 டிசம்பர் முப்பதாம் தேதி காலையில் தானே புயல் கடலூரை அடித்துப்போட்டது. எங்கள் பக்கமும் சேதம்தான், ஆனால் கடலூரில் நிற்கிற கரண்ட் கம்பத்தை எண்ணிவிடலாம் என்றார்கள். ஒரு வாரம் கழித்து எங்கள் சந்துக் கடைக்காரர்கள் சேர்ந்து ரொட்டி, மெழுகுவத்தி, பாய் எல்லாம் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றினோம். செல்போன் கடை முதலாளி ஒரு ஜெனரேட்டர் கொடுத்தார். ஒரு வாரமாக யார் செல்லிலும் சார்ஜ் இல்லை, சொந்தக்காரர்களுக்குப் பேச முடியாமல் தவிக்கிறார்கள், இலவசமாகப் போட்டுக் கொடு என்று செம்பியனை அனுப்பினார். நானும் ஏறிக்கொண்டேன்.

ஆலப்பாக்கம் தாண்டியதிலிருந்து வழி முழுக்க மரம் விழுந்து கிடந்தது. கடலூர் முதுநகர் பக்கம் ஒரு கிறிஸ்தவப் பங்குக் கோயில் மண்டபத்தில் கூரை போன குடும்பங்கள் தங்கியிருந்தன. வாசலில் ஜெனரேட்டரை இறக்கி, பலகையில் பத்து பிளக் வரிசையாக வைத்து, செம்பியன் செல்களை வாங்கிச் சொருகினான். ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்கவில்லை. உள்ளே பெண்கள் பொதுச் சமையலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பதினோரு மணி இருக்கும். நான் பாய் எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது ஒரு மூலையில் ஐம்பது வயது ஆள் ஒருவர் கிடாரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே காலால் மிதிக்கிற பழைய ஆர்மோனியத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி. காய் நறுக்கிக்கொண்டே இன்னொருத்தி கூடவே பாடினாள். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் அடங்கிப்போயிருந்தன. எனக்கு முதலில் ஒன்றும் தோன்றவில்லை. அப்போது திடீரென்று வெளியே ஜெனரேட்டர் நின்றது.

"யோவ், ஏன்யா நிறுத்துன? இப்பதான்யா ஒரு கட்ட ஏறுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

உள்ளே எட்டிப் பார்த்தபோது ஏதோ காதில் விழ, தானே போய் அதை நிறுத்திவிட்டு வந்து, செம்பியன் வாசல்படியில் நின்றிருந்தான். சத்தம் நின்ற மண்டபத்தில் அந்தக் கிடார் கனமாக நடந்தது. வார்த்தை இல்லாத அந்தக் குரலும் கேட்டது. எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.

அப்போதும் அவன் நம்பவில்லை. நேராக நடந்து அவர்கள் பின்னால் போனான். ஆர்மோனியத்துக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். ஜன்னல் திட்டில் கிடந்த துணியைத் தூக்கிப் பார்த்தான். ஊரிலேயே கரண்ட் இல்லை, அவன் ஒயரைத் தேடினான்.

"இன்னா தம்பி தேடுற? செல்லு தொலஞ்சிடுச்சா?" என்று காய் நறுக்கிய பெண் கேட்டாள். ஞானமேரி என்று பேர், மீன் கம்பெனியில் வேலை.

"இது... எந்தப் பாட்டு?"

"எங்க பாட்டுதான். பேரெல்லாம் வைக்கல."

"எங்கேருந்து எடுத்தீங்க?"

ஆர்மோனியம் நின்றது. அந்தப் பெண் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவள்தான் ரெபேக்கா. அந்தக் கேள்வி அவளுக்குப் புதிதில்லை என்று அவள் முகமே சொன்னது.

"நீங்க புதுச்சேரி கம்பெனி ஆளா?"

"இல்லைங்க. அதுல பின்னால ஒரு கரகரப்பு வருமே, ரெக்கார்டு தூசு மாதிரி..."

ஞானமேரி சிரித்துவிட்டாள். "அது மல்லாட்டைப்பா! அன்னிக்கி ஒரு மூட்ட மல்லாட்டைய உரிச்சிக்கிட்டேதான் பாடினோம். நம்ம அருள் பிரகாஷு மைக்க தரையில வெச்சிட்டான். அதெல்லாம் சேந்து பதிவாயிடுச்சி."

நிலக்கடலைத் தோல் நொறுங்கிய சத்தம்தான் அது. செம்பியன் வெளியே போய்க் குட்டி யானையின் பின்பலகையில் உட்கார்ந்தான். செல்லுக்காகக் கத்தினவர்களை நான் சமாதானப்படுத்தி ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு அவனிடம் போனேன்.

"ரெக்கார்டே கெடையாதுக்கா" என்றான்.

"தெரிஞ்சிடுச்சில்ல? போயி சொல்லு."

"சொன்னா அடிப்பாங்க."

"அடிக்கட்டும். டைப் பண்ணது நானு. நானும் வரேன்."

சாப்பாடு முடிந்த பிறகு போனோம். அவன் சொன்னான். மேஜைக்குக் கீழே செல்லை வைத்தது, லெட்டர், இன்டர்நெட், நோட்டு, எதையும் விடவில்லை. டைப் செய்தது நான் என்று நானும் சொன்னேன். யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

ரெபேக்கா மெதுவாகத்தான் பேசினாள். அவள் ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சர், கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிப்பவள். கம்பெனிக்காரர் கூப்பிட்டு, லெட்டரைக் காட்டி, எந்த ரெக்கார்டு என்று கேட்டிருக்கிறார். அவள் பதிவு செய்த கேசட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். கேசட்டில் காப்பி அடிக்க முடியாதா என்றார். வாசிச்சவுங்கள கூட்டிட்டு வரேன் என்றாள். நேரமில்லை என்றுவிட்டார். கோயிலிலும் பேச்சு பரவியது. கொஞ்ச நாளைக்குக் கீபோர்டை வேறொருத்தரிடம் கொடுத்தார்கள்.

"அதெல்லாம் கூட போவட்டும்" என்றாள். கிடார்காரரைக் காட்டினாள். "இது அடைக்கலராஜ் அண்ணன். பஹ்ரைன்ல ஒரு ஓட்டல்ல எட்டு வருஷம் வாசிச்சவரு. அந்த கீழ வர்ற கிடாரு அவரு போட்டது. நீங்க எழுதின லெட்டரப் படிச்சிட்டு நானே அவர்கிட்ட போயி கேட்டேன். அண்ணே, அங்க வாசிச்ச பாட்டா இது, என்கிட்ட சொல்லாம போட்டுட்டியான்னு. அவரு கிடார எடுத்துக்கிட்டு எழுந்து போயிட்டாரு. நாலு மாசம் வரல."

அடைக்கலராஜ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "விடும்மா" என்றார்.

"இவ்ளோ நாளா தேடினேன்னு சொல்றீங்களே, பஸ்ஸு ஏறி இங்க வந்து ஒரு வார்த்த கேட்டீங்களா? அமெரிக்காக்காரன் எல்லார்கிட்டயும் கேட்டிருக்கீங்க. நாங்க வாசிச்சிருப்போம்னு ஒங்களுக்கு ஏன் தோணல?"

இருட்டுவதற்குள் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் திரும்பினோம்.

அடுத்த வாரமே செம்பியன் புதுச்சேரி போனான், நானும் கூடப் போனேன். தில்லைநாதன் அதற்குள் ராப்பை விட்டுவிட்டு பக்திப் பாட்டுக்கு மாறியிருந்தார். "லெட்டர் எழுதினது நான்தான் சார், எழுதினது பொய்" என்றான் செம்பியன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"ஒன்ற வருஷம் கழிச்சி வந்து சொல்றீங்க. அந்த டீச்சரம்மா எவ்ளோ குடுத்தாங்க?"

"சார், நான் நேர்ல பாத்தேன். கரண்டே இல்லாம வாசிச்சாங்க."

"பாட்ட மனப்பாடம் பண்ணி யாரு வேணா வாசிக்கலாம் தம்பி. நீங்க மூணு பேரும் கூட்டா?"

எவ்வளவு சொல்லியும் அவர் ஏற்கவில்லை. பேர் போடாத லெட்டரை ஒரே நாளில் நம்பியவர், நேரில் வந்து நின்ற ஆளை நம்பவில்லை. செம்பியன் அங்கிருந்தே கடலூர் பஸ்ஸைப் பிடித்தான்.

நடந்ததை ரெபேக்காவிடம் போய்ச் சொன்னான். என்னிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது, நல்ல மைக் வாங்கித் தருகிறேன், உங்கள் ஆட்களை நானே பதிவு செய்து தருகிறேன் என்றான். வேண்டாம் என்றாள். மறுபடி போனான். மூன்றாம் முறை அடைக்கலராஜ்தான், "வரட்டும்மா, அந்தாளுக்குக் காது இருக்குது" என்றார். அவள் ஒரு நிபந்தனை போட்டாள். வெட்டுவது, ஒட்டுவது எதுவாக இருந்தாலும் வாசித்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும்.

மார்ச்சில் அவள் வீட்டிலேயே பதிவு நடந்தது. முன்பு மைக்கைத் தரையில் வைத்த அருள் பிரகாஷ் புயலைப் பற்றி எழுதிய ராப் பாட்டு. அடியில் அடைக்கலராஜின் கிடார், ரெபேக்காவின் ஆர்மோனியம். எல்லாம் வாசித்து முடித்ததும் செம்பியன் தயங்கித் தயங்கி, ஞானமேரியின் குரலிலிருந்து ஒரு செகண்டை வெட்டி, திருப்பி அடுக்கி, ஓடவிட்டான்.

"இது நானா?" என்றாள் ஞானமேரி.

"நீங்கதான்."

"இன்னொருக்கா போடு." போட்டான். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "நான் இப்டி பாடலியே. நல்லாத்தான் இருக்குது. ஆனா அந்த எடத்துல மூச்ச வெட்டிட்டப்பா. மூச்சு விடாம எவ பாடுவா? அதக் குடு."

அவன் மூச்சைத் திரும்ப வைத்தான். பாட்டு இறங்கி நின்றது. ரெபேக்கா அதை எடுக்கச் சொல்லவில்லை.

அந்தப் பாட்டை எந்தக் கம்பெனியும் போடவில்லை. செல்லிலிருந்து செல்லுக்குப் போய், கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் என்று சுற்றியது. ஜூன் மாசம் செம்பியன் செல்போன் கடை வேலையை விட்டுவிட்டு, கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்தான். கோயில் பாட்டு, கல்யாணப் பாட்டு, கட்சிப் பாட்டு என்று ஆட்களை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்கிற வேலை. பழைய ரெக்கார்டுகளைக் கேட்பதை அவன் விடவில்லை. வெட்டுவதையும் முழுசாக விடவில்லை. ரெபேக்காவோடு அதில் இன்னும் சண்டை உண்டு. ஆள் இருக்கும்போது எதற்கு ரெக்கார்டு என்பாள் அவள். ரெக்கார்டுக்குள்ளயும் ஆள்தானே இருக்குது டீச்சர் என்பான் அவன்.

போன மாசம் ஒரு விசிட்டிங் கார்டு புரூஃப் காட்ட அங்கே போயிருந்தேன். பதிவு முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ரெபேக்கா மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அன்றைக்குப் பதிவானதை ஒவ்வொன்றாகத் திறந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எது எங்கே இருக்கிறது, எதற்குக் காப்பி எடுத்திருக்கிறான் என்று பார்ப்பது அவள் வழக்கமாம். எனக்கே கூச்சமாக இருந்தது.

அடைக்கலராஜ் செம்பியனைப் பார்த்து, "நம்பிக்க இல்லன்னு நெனச்சிக்காத தம்பி" என்றார்.

ரெபேக்கா திரும்பவே இல்லை. "ஏன் நெனைக்கக் கூடாது? இல்லதான்" என்றாள்.

செம்பியன் இன்னொரு நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, ஹெட்போனை எடுத்துக் கொடுத்தான். "மூணாவது ஃபைல கேளுங்க டீச்சர். அண்ணன் பக்கத்துல இருக்கறப்ப அதுல ஒரு எடம் வெட்டியிருக்கேன்."